யாரும் வரலீங்க

போன மாதம் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். "சார், ஒரு ஆராய்ச்சிக்காகப் பேசுறோம், அஞ்சு நிமிஷம் கிடைக்குமா?" என்றாள். தினமும் எத்தனை மணி நேரம் டிவி பார்க்கிறீர்கள், எந்தப் பேப்பர் வாங்குகிறீர்கள், ஒரு செய்தியை முதலில் எதில் தெரிந்துகொள்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். நான் ஒன்றுக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லை. இதே கேள்விகளை ஊர் ஊராகக் கேட்டுப் பிழைத்தவன் நான். பாம்பின் கால் பாம்பறியும். நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவள் அடுத்த கேள்விக்குப் போன வேகத்தைப் பார்த்தால், அவளும் பதிலைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

அதே வாரத்தில், என்னிடம் முன்பு வேலை பழகி இப்போது ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருக்கிறவர் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலத்தில் கள ஆய்வு எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுங்கள், மாணவர்களுக்கு உதவும் என்றார். அவர் எதிர்பார்ப்பது பஸ் இல்லாத ஊருக்கு நடந்து போனது, நாய் துரத்தியது, மோர் வாங்கிக் குடித்தது போன்ற கதைகள். அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் என் உத்தியோகத்தில் சொல்லத் தகுந்தது என்று ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னால் மாணவர்களுக்கு என்மேல் மரியாதை வராது. பரவாயில்லை.

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஓர் ஆராய்ச்சி மையம் இருந்தது. இப்போது இல்லை, அதனால் பெயர் வேண்டாம். வளரும் நாடுகளில் வானொலியும் பத்திரிகையும் ஜனங்களிடம் என்ன மாறுதலை உண்டாக்குகின்றன என்று பார்ப்பது அதன் வேலை. செலவுக்குப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. நாங்கள் ஆறு பேர் கள ஆய்வாளர்கள், எல்லோரும் தற்காலிகம். பயிற்சி பன்னிரண்டு நாள். கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும், பதிலை நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது, முக்கியமாக யாருக்கும் எந்த வாக்குறுதியும் தரக்கூடாது. இவ்வளவுதான் பயிற்சி. மிச்சத்தை ஊர்க்காரர்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

அவர்கள் முதலில் கற்றுக்கொடுத்தது, எங்களை ஒருவரும் நம்பப் போவதில்லை என்பதைத்தான். பேண்ட் போட்டு, கையில் அட்டை பிடித்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு ஒருவன் வந்தால் யார்தான் நம்புவார்கள்? அவசர நிலைக் காலம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவன் என்று நினைத்து, சோளக்காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடப்பாடியில் தறிக்காரர் ஒருவர் நூல் கணக்குப் பார்க்க வந்தவன் என்று என்னை எடுத்துக்கொண்டு, நான் கேட்காமலே தறியே ஓட்டுவதில்லை என்று சத்தியம் செய்தார். உள்ளே தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அதைவிடக் கஷ்டம் மரியாதை. நம் பக்கத்து ஆட்களுக்கு எதிரில் நிற்கிறவனிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது. ஜேடர்பாளையத்தில் ஒரு பண்ணையக்காரர் கட்டிலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். "நேற்று சாயங்காலம் வானொலியில் வேளாண் நிகழ்ச்சி கேட்டீங்களா?" என்றேன்.

"ஆமாங்க, கேட்டனுங்க."

"எப்படி இருந்தது?"

"அருமையா இருந்துச்சுங்க. அவிய சொல்றாப்பலதான் நாங்க பண்ணையம் பண்றமுங்க."

முந்தின நாள் மின்சாரமும் இல்லை, அவர் வீட்டில் ரேடியோவும் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீடு தேடி வந்தவன் மனம் கோணக்கூடாது என்று நினைத்திருக்கிறார். ஆனால் அப்படி எத்தனை ஆமாங்க கடல் தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

எங்கள் இயக்குநர் டாக்டர் வேதமூர்த்தி இதற்கெல்லாம் மருந்து வைத்திருந்தார். வானொலியில் வராத ஒரு நிகழ்ச்சியின் பெயரைப் படிவத்தில் சேர்த்துவிடுவார். அதையும் கேட்டேன் என்று சொல்கிறவரின் மற்ற பதில்களைத் தனியாக எடுத்து வைப்பார். இது ஊர்க்காரர்களைப் பிடிக்க. எங்களைப் பிடிக்க வேறு வழி வைத்திருந்தார். நாங்கள் கொண்டுவந்து கொடுக்கிற படிவத்தை முதலில் படிக்க மாட்டார். கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டுவார். மடிப்பு இருக்கிறதா, வியர்வை பட்டிருக்கிறதா, மூலை சுருண்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மூக்கருகில் கொண்டுபோவார். களத்துக்குப் போன காகிதத்தில் மாட்டுச் சாணமோ அடுப்புப் புகையோ ஏதாவது ஒரு வாசம் இருக்கும், லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து நிரப்பியதில் பீடி வாசம்தான் இருக்கும் என்பார். அப்படி ஒரு பையனை அவர் வேலையைவிட்டு அனுப்பியதும் உண்டு.

சத்தம் போட மாட்டார். கடைநிலை ஊழியரைக்கூட "ங்க" போட்டுத்தான் பேசுவார். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிடுவார். பிறகு பேசவே மாட்டார். எதிரில் இருப்பவன் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எதையாவது உளறுவான். அதுதான் உண்மை என்பது அவர் முடிவு. எனக்கு அவரிடம் பயம் இருந்தது. பிடித்தும் இருந்தது. யாரையும் நம்பாத மனிதர் என்னை நம்புகிறார் என்று ஒரு நாள் தோன்றியபோது தலைகால் புரியவில்லை.

எங்களில் ஒரே பெண் கமலவேணி. திருச்செங்கோட்டுப் பக்கம். பெண்களிடம் பெண்தான் கேட்க வேண்டும் என்று அவளை எடுத்திருந்தார்கள். என்னைவிட நான்கு வயது இளையவள், என்னைவிட நல்ல ஆய்வாளர். அப்போதே இது எனக்குத் தெரியும். நான் ஒரு வீட்டு வாசலில் நின்று மூன்று தடவை கேட்டும் வராத பதில், அவள் உரல் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டால் தானாக வரும்.

அந்த ஆய்வு முடிந்ததும் ஒரே ஒரு நிரந்தர வேலை வரும் என்று பேச்சு இருந்தது. போட்டி எனக்கும் அவளுக்கும்தான். மற்ற நால்வரும் வேறு வேலை தேடத் தொடங்கிவிட்டார்கள். ஒருநாள் நாமக்கல் பஸ் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது அவளே சொன்னாள்.

"எங்கண்ணன் கெடு வெச்சிருக்கறாருங்ணா. இந்த வேலை நிரந்தரமாச்சுன்னா என்னை என் இஷ்டத்துக்கு உட்டுருவாராம். இல்லீன்னா எடப்பாடி மாமனுக்குக் கட்டிக் குடுத்துருவாராம்."

"மாமன் நல்லவர்தானே?"

"நல்லவருதான். ரெண்டாந்தாரமாப் போகோணும், அவ்வளவுதான்." சிரித்துக்கொண்டே சொன்னாள். "கழுத்து நீட்டறதுக்கா பி.ஏ. படிச்சேன்? உங்களுக்குக் கிடைச்சா நீங்க சந்தோஷமா இருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத்தான் கிடைக்கோணும்."

ஆக, அந்த வேலை போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே ஓர் ஊர். நாற்பது வீடுகளை அங்கே அவள் ஆய்வுக்கு எடுத்தாள். அப்போது ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டும். பாதி வீடுகளில் லைசென்ஸ் இல்லாத பெட்டிகள்தான். அதனால் நாங்கள் போய் ரேடியோ இருக்கிறதா என்று கேட்டால், எல்லா ஊரிலும் ஒரே பதில்: "எங்களுக்கெதுக்குங்க அதெல்லாம்?" பெட்டிக்கடையில் பேட்டரிக் கட்டை விற்றுத் தீர்ந்துகொண்டிருக்கும், ஊரில் ரேடியோ இருக்காது. அந்தக் குறிப்பிட்ட ஊரில் பயம் இன்னும் கூடுதல். எந்த ஆபீஸ் என்று யாருக்கும் தெரியாத ஒருவன், லைசென்ஸ் பார்க்க வந்தேன் என்று சொல்லி ஒரு வீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். திருட்டுப் பயலாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து கமலவேணி கொண்டுவந்த படிவங்களைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தோம். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ரேடியோ இருக்கிறது. எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள், எந்த நேரம் எடுத்துக் கேட்கிறார்கள், ஆண்கள் இல்லாதபோது பெண்கள் எதைக் கேட்கிறார்கள், விதை நேர்த்தி பற்றிக் கேட்டதை எந்த மாமியார் நம்பவில்லை, எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. குடும்பத் தலைவர் பெயர் எழுதுகிற கட்டம் நாற்பது படிவத்திலும் காலி.

டாக்டர் வேதமூர்த்தி அந்தப் படிவக் கட்டை ஒரு முழு நாள் மேஜைமேல் வைத்திருந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நாச்சிமுத்து, இதைப் படிச்சீங்களா?"

"படிச்சனுங்க சார்."

"நல்லா வந்திருக்குங்க. ரொம்ப நல்லா வந்திருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு." பேனாவை மூடி வைத்தார். இந்தத் தடவை அவரே தொடர்ந்தார். "மறுசோதனைக்கு நீங்க போயிட்டு வாங்க. அவங்ககிட்ட சொல்ல வேண்டாம்."

மறுசோதனை என்றால் பத்தில் ஒரு வீட்டுக்கு இன்னொரு ஆள் போய், இப்படி ஒருவர் வந்தாரா, என்ன கேட்டார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று விசாரிப்பது. முதலில் போன ஆய்வாளர் கூட வரக்கூடாது. இது விதி. போட்டிக்காரனையே அனுப்பக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் "சரிங்க சார்" என்றுதான் சொன்னேன். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு குதூகலம் இருந்தது, மறைப்பானேன்.

நாங்கள் வீடுகளை அடையாளம் வைப்பது சாக்பீஸால். ஊரின் வடகிழக்கு மூலையில் தொடங்கி வலப்பக்கமாகப் போய், நிலைக்கால்மேல் எண் போடுவோம். ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த வீடாக இருந்தால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். மலேரியா மருந்து அடிக்கிறவர்களும் சுவரில் எழுதுவார்கள், ஆனால் அவர்கள் வட்டம் போடுவதில்லை. படிவத்தில் பெயர் இல்லாததால் எனக்கு இருந்த ஒரே வழி அந்த எண்கள்தான். காலையில் போய் இறங்கி ஊரைச் சுற்றினேன். ஒரு நிலையிலும் எண் இல்லை.

கமலவேணி வரைந்த ஊர்ப் படத்தை வைத்து வீடுகளைக் கண்டுபிடித்தேன். முதல் வீட்டில் ஒரு அம்மாள் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். பாவாயி என்று பிற்பாடு பெயர் தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க அம்மா, பத்துப் பதினஞ்சு நாளைக்கு முன்னால சேலத்துல இருந்து ஒரு பொண்ணு வந்து ஏதாவது கேட்டாங்களா?"

முறத்தை நிறுத்தாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் வரலீங்க."

"நோட்டு வெச்சுக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு..."

"அதுதான் யாரும் வரலீன்னு சொல்றனுங்களே. ஊட்ல ஆம்பளைங்க இல்லீங்க தம்பி. தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க."

இரண்டாவது வீட்டிலும் அதே சொல். மூன்றாவதிலும் அதே. நான்காவது வீட்டில் நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நான்கு பெண்கள் ஒரே சொற்களைச் சொன்னால் சந்தேகப்பட வேண்டும். டாக்டர் எங்களுக்குப் போதித்ததே அதுதான். கமலவேணியின் படிவத்தில் நான்கு பதில் ஒன்றுபோல் இருந்திருந்தால் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பேன். என்னிடம் சொல்லப்பட்ட நான்கு பதில் ஒன்றுபோல் இருந்தபோது, விஷயம் தெளிவாகிவிட்டது என்று நோட்டை மூடினேன்.

பாவாயி வீட்டைத் தாண்டித்தான் திரும்பி வர வேண்டும். நிலையை நிமிர்ந்து பார்த்தேன். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்த தடம் இருந்தது. துடைத்த கைக்கு எட்டாத உயரத்தில், மேல்கட்டைக்குக் கீழே, வெள்ளையாக ஒரு வளைவு. வட்டத்தின் மேல் பாதி. நான் நின்று பார்த்தேன். உள்ளேயிருந்து பாவாயியும் என்னைப் பார்த்தார். மலேரியாக்காரன் எழுதியதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்ட உடனேயே அது பொய் என்றும் தெரிந்தது. இருந்தும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பவன்போல வேகமாக நடந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அறிக்கையில் நான்கு வரி எழுதினேன். எண்கள் காணப்படவில்லை, விசாரித்த நான்கு வீட்டாரும் யாரும் வரவில்லை என்றார்கள், அவ்வளவுதான். எழுதியதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்று பல வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தார். அறிக்கையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் படித்தாள். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"நான் போனேன் சார். நாலு நாள் அங்கதான் இருந்தேன்."

"அவங்க இல்லைங்கறாங்களே?"

"அவங்க சொல்ல மாட்டாங்க சார். எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்ல மாட்டாங்க?"

பேனாவை மூடி வைத்தார். கமலவேணி எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அந்த அமைதி எவ்வளவு நேரம் நீண்டது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உளறவில்லை. அந்த அறையில் அந்த அமைதியைத் தாங்கியவர்கள் வேறு யாரையும் நான் கண்டதில்லை. டாக்டர் அதைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை போகலாம் சார். நானும் கூட வாரேன். நேரா நிறுத்திக் கேளுங்க."

"ஆய்வாளர் கூட வரக்கூடாதுங்க. விதி உங்களுக்கே தெரியும்."

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணா, கதவு நிலையைப் பாத்தீங்களா? முதல் ஊட்டுல நம்பர் கொஞ்சம் ஒசரத்துல போட்டிருந்தேன். நீங்க பாத்திருப்பீங்க."

டாக்டரும் என்னைப் பார்த்தார். பேனா மூடியே இருந்தது.

"தெளிவா ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன்.

தெளிவாக. அந்த ஒரு சொல்லை நான் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். பின்னால் யாராவது வட்டத்தைக் கண்டுபிடித்தாலும் என்னைப் பிடிக்க முடியாத சொல். நாற்பது படிவங்களின்மேலும் டாக்டர் சிவப்புப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வேலை எனக்குக் கிடைத்தது. தை மாதம் எடப்பாடியில் அவள் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். பத்திரிகை எனக்கு வரவில்லை.

அந்தப் படிவங்களைத் தள்ளிவிட்டதால், இந்தப் பகுதிக் கிராமத்துப் பெண்கள் வானொலி கேட்பது அபூர்வம் என்று அறிக்கை வந்தது. நான்தான் அதைத் தட்டச்சுப் பிழை பார்த்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் அதை ஆதாரமாகக் காட்டி என்னவெல்லாம் எழுதியிருக்கிறாரோ.

ஆறேழு வருஷம் கழித்து, அதே ஊர்களில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க இரண்டாம் சுற்று வைத்தார்கள். டாக்டர் வேதமூர்த்தி ஓய்வு பெற்றுச் சென்னைக்குப் போய்விட்டிருந்தார். நான் மேற்பார்வையாளன். அந்த ஊருக்கு வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சந்தேகம் என்பது பல்லிடுக்கில் மாட்டிய நார்போல, நாக்கு அங்கேயேதான் போகும்.

பாவாயி வீட்டு வாசலுக்கு வந்தபோதே உள்ளே ரேடியோ பாடுவது கேட்டது. மாட்டுக் கொட்டகைத் தூணில், எல்லோரும் பார்க்கும்படி ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். லைசென்ஸ் முறையை எடுத்துவிட்டிருந்தார்கள். பாவாயிக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"அன்னைக்கு வந்து கேட்டுப்போட்டுப் போன தம்பிதானுங்க? இப்பக் கேளுங்க, சொல்றனுங்க. இனி பயமில்லீங்களே."

"அன்னைக்கு அந்தப் பொண்ணு வந்தாங்களா?"

"வராம? நாலு நாள் இங்கதான் கெடந்துச்சு. எங்கூடக் களையெடுத்துச்சு. தங்கமான புள்ளைங்க."

"அப்புறம் ஏன் வரலீன்னு சொன்னீங்க?"

பாவாயி என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மாரியாத்தா கோயில்ல கையடிச்சுச் சத்தியம் குடுத்தமுங்களே. ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும். பொட்டி இருக்கறதை எந்த ஆபீசருகிட்டயும் சொல்ல மாட்டேன், பேரு எழுத மாட்டேன்னு அந்தப் புள்ளை எங்களுக்குக் கையடிச்சுக் குடுத்துச்சு. நீ வந்ததையே நாங்க சொல்ல மாட்டோம்னு நாங்க அதுக்குக் குடுத்தோம். லைசென்ஸ் இல்லாத பொட்டியத் தெரிஞ்சும் சொல்லாம உட்டுருச்சுன்னு நாளைக்கு அந்தப் புள்ளை மேல கேசு வந்துரக் கூடாதுங்களே. அது போனதும் நம்பரையெல்லாம் நாங்கதானுங்க தொடைச்சோம். நீங்க வந்தப்ப எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. இருந்தாலும் நாக்கு பிறழலை."

நான் அட்டையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் சொல் மாறியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் நாற்பது வீடும் ஒரே வாயாக நின்றிருக்கிறது. வாக்குறுதி தரக்கூடாது என்கிற விதியை அவள் மீறியதால்தான் அந்த ஊர் அவளிடம் உண்மை பேசியது. அந்த உண்மையை அவளால் எங்களிடம் நிரூபிக்க முடியவில்லை.

"அந்தப் புள்ளை நல்லா இருக்குதுங்களா?" என்று பாவாயி கேட்டார். "சொன்ன சொல்லக் காப்பாத்திப்போட்டோம்னு சொல்லுங்க சாமி."

"சொல்றேன்" என்றேன். அழுகை வந்தது. ரேடியோ சத்தத்தில் அவர் கவனிக்கவில்லை என்று நம்புகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடப்பாடிக்குப் போனேன். விசாரித்துக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை, நாலு விசைத்தறி ஓடுகிற வீடு. கமலவேணி தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். காதோரம் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தறிச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. கோயிலில் கையடித்ததை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவங்க மட்டுமா கையடிச்சாங்க? நானும்தானே அடிச்சேன்" என்றாள். "படிவத்துல பேரு இல்லீங்க. கோயில் விஷயத்தைச் சொன்னா, கையடிச்சது யாரு யாருன்னு பேரோட எழுதச் சொல்லுவாங்க. ஏதோ விசாரணைன்னு வந்துட்டா அவிய கதி? உங்களை நம்பினேன். நம்பரைப் பாத்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாத்தீங்களா, இல்லீங்களா?"

"பாத்தேன். பாதி வட்டம் இருந்துச்சு."

அவள் எழுந்துபோய்த் தறியை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக நான்கையும் நிறுத்தினாள். நான்காவது நின்றதும் வந்த அமைதியில் எனக்குக் காது அடைத்தது. பக்கத்து அறையிலிருந்து அவள் வீட்டுக்காரர் ஏன் என்று குரல் கொடுத்தார். "ஆபீஸ் வேலைங்க, கொஞ்ச நேரம்" என்று பதில் சொன்னாள்.

"நான் மையத்துக்கு எழுதறேன். இப்போ இருக்கிற இயக்குநர்கிட்ட நடந்ததைச் சொல்றேன்" என்றேன்.

"நீங்க எழுத வேண்டாம். எழுதினா அங்க ஒரு சொல்லு, இங்க ஒரு சொல்லுன்னு வழுக்குவீங்க. நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க."

நோட்டிலிருந்து தாள் கிழித்து எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஆறேழு வருஷம் தார் சுற்றிய கை, பேனாவைப் பிடித்ததும் பழைய கை ஆகிவிட்டது. எந்தத் தேதியில் போனீர்கள், எத்தனை வீடு, யார் என்ன சொன்னார்கள், எங்கே நின்றீர்கள், எவ்வளவு உயரத்தில் என்ன பார்த்தீர்கள், பார்த்தபோது என்ன நினைத்தீர்கள், அறையில் கேட்டபோது என்ன சொன்னீர்கள், ஏன். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. நான் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதினாள். ஏன் என்கிற கேள்விக்கு நான் மழுப்பியபோது, பயிற்சியில் சொன்னபடியே அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன். "வேலை எனக்கு வேணும்னு நினைச்சேன்." அதையும் எழுதினாள். வாசித்துக் காட்டினாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

"இதை அனுப்பப் போறியா?" என்றேன்.

தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். "அது உங்களுக்கு எதுக்குங்ணா?" என்றாள். பிறகு தறிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த மையத்தில் வேலை பார்த்தேன். பதவி உயர்வு வந்தது. இளைஞர்களுக்கு நேர்மையைப் பற்றிப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். தினமும் காலையில் தபால் கட்டைப் பிரிக்கிற வேலையை யாருக்கும் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். எடப்பாடி முத்திரை போட்ட உறை எத்தனையோ வந்தது, எல்லாம் வேறு யாரோ எழுதியவை. அவள் அனுப்பவே இல்லை. என்னை மன்னித்துவிட்டதால் அனுப்பாமல் இருந்தாளா, இப்படிக் காத்துக் கிடக்கட்டும் என்று அனுப்பாமல் இருந்தாளா, எனக்குத் தெரியாது.

அந்தத் தாள் தபாலில் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது மட்டும் தெரியும். அன்று எடப்பாடியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில், சங்ககிரி வருவதற்குள்ளாகவே பதிலை முடிவு செய்துவிட்டேன். எழுத்து என்னுடையது இல்லை, நீங்களே பாருங்கள், அது அந்த அம்மாளின் கையெழுத்து. கீழே இருக்கிற ஒப்பமும் நான் போட்டதில்லை. எடப்பாடிக்கு நான் போனதே இல்லை.